ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா? கல்லூரி மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மரபியல் பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பழகிவிடும். வகுப்பில் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் ஒரு கையும் உயராது. வகுப்பு முடிந்து வராந்தாவில் நடக்கும்போதுதான் ஒவ்வொருவராகப் பின்னால் வருவார்கள். உயிரியல் மாணவர்கள் மட்டுமில்லை, பொறியியலும் வணிகவியலும் படிப்பவர்களும் வருவார்கள். கேட்பவர் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். அடிப்படையானவை முதலில், சிக்கலானவை பின்னால். டாக்டரையோ மரபணு ஆலோசகரையோ பார்க்கப் போகும் முன் ஒருமுறை படித்துவிட்டுப் போனால் அங்கே பேசுவது எளிதாக இருக்கும்.

1. டிஎன்ஏ, ஜீன், குரோமோசோம்... மூணும் ஒண்ணுதானே? பரீட்சைக்குப் படிச்சேன், இப்ப எல்லாம் கலந்துபோச்சு.

டிஎன்ஏ என்பது மூலக்கூறு. அந்த நீண்ட மூலக்கூறில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான தகவலைத் தாங்கியிருக்கும் பகுதி ஜீன், அதாவது மரபணு. டிஎன்ஏ இழை புரதங்களின் மேல் சுற்றி அடுக்கப்பட்டிருக்கும் மொத்த உருவம் குரோமோசோம். நம் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. ஒரே ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும்.

ஒரு தொகுதியில், அதாவது ஜோடிக்கு ஒன்றாக 23 குரோமோசோம்களில், ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் டிஎன்ஏவின் வேதி அலகுகளைத்தான் எழுத்துகள் என்கிறோம். புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. இந்த எழுத்துகளை எல்லாம் வாசிக்கும் மனித மரபணுத்தொகைத் திட்டம் 1990ல் தொடங்கி 2003ல் முடிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் இடைவெளியே இல்லாத முழு வரிசை 2022ல்தான் வெளிவந்தது. எழுத்துகளை வாசித்தாகிவிட்டது, அர்த்தம் இன்னும் பாதிகூடப் புரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி 12க்கு வேண்டும்.

2. சாதாரணத் தக்காளியில ஜீன் கிடையாது, மரபணு மாற்றின தக்காளியிலதான் இருக்கு. சரியா?

தப்பு. உயிருள்ள எல்லாவற்றிலும் மரபணு உண்டு. தக்காளிக்கு நம்மைவிட அதிகம், சுமார் 35,000. கேட்டவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஐரோப்பாவில் எடுக்கப்படும் யூரோபாரோமீட்டர் கருத்துக்கணிப்பில் 1990களிலேயே இதே வாக்கியத்தைக் கொடுத்துச் சரியா தவறா என்று கேட்டார்கள். ஏராளமானோர் தடுமாறினார்கள்.

3. கண்ணுல இருக்கிற செல்லுல கண்ணுக்கான ஜீன் மட்டும்தானே இருக்கும்? அப்புறம் எப்படிக் கன்னத்துல பஞ்சைத் தேய்ச்சு இதய நோய் பத்திச் சொல்றாங்க?

ஏறக்குறைய எல்லா செல்லிலும் முழுத் தொகுதியும் இருக்கிறது. கண் செல்லில் சில மரபணுக்கள் இயங்கும், மற்றவை அடங்கிக் கிடக்கும். கல்லீரல் செல்லில் வேறு சில இயங்கும். பெற்றோரிடமிருந்து வந்த மாற்றம் உடம்பெங்கும் இருப்பதால் கன்னத்தின் உட்புறச் செல்லோ உமிழ்நீரோ போதும். முதிர்ந்த ரத்தச் சிவப்பணுக்களில் மட்டும் உட்கருவே கிடையாது. அதனால் ரத்தம் எடுத்தாலும் டிஎன்ஏவை வெள்ளையணுக்களிலிருந்துதான் பிரிப்பார்கள்.

4. ஓங்கு பண்புன்னா நிறையப் பேருக்கு இருக்கும், ஒடுங்கு பண்புன்னா அரிது. அப்படித்தானே?

இல்லை. ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிந்தால் ஓங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்தால்தான் தெரியும் என்றால் ஒடுங்கு பண்பு. எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூளைச் செல்கள் சிதைந்துபோகும் ஹண்டிங்டன் நோய் ஓங்கு வகை, ஆனால் மிக அரிது. ஓ ரத்தவகை ஒடுங்கு வகை, ஆனால் உலக அளவில் அதுதான் அதிகம்.

'ஓங்கு' என்றதும் வலிமையானது, நல்லது, காலப்போக்கில் மற்றதை ஒழித்துவிடும் என்றெல்லாம் மாணவர்கள் எழுதுவதைத் தேர்வுத்தாள்களில் பார்த்திருக்கிறேன். மூன்றுமே தவறு.

5. எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் நாக்கைச் சுருட்ட வராது. எனக்கு வரும். அப்ப நான் அவங்க பிள்ளை இல்லையா?

விளையாட்டாகத்தான் கேட்பார்கள், ஆனால் முகத்தில் உண்மையான கலக்கம் இருக்கும். நாக்கைச் சுருட்டுவது ஒற்றை மரபணுவின் ஓங்கு பண்பு என்று 1940ல் சொன்னவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்ட், பெரிய மரபியலாளர். 1952ல் ஒருவர் 33 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையர்களைச் சோதித்தார். 7 ஜோடிகளில் ஒருவருக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. டிஎன்ஏ ஒன்றேயாக இருந்தும் இப்படி என்றால் ஒற்றை மரபணுக் கதை நிற்காது. ஸ்டர்ட்டிவன்ட்டே 1965ல் தன் கருத்து தவறு என்று ஒப்புக்கொண்டார். பாடப்புத்தகங்கள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

காதுமடல், கண்ணின் நிறம் எல்லாம் இதே கதைதான். கண் நிறத்தில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. நீலக்கண் பெற்றோருக்குப் பழுப்புக்கண் குழந்தை பிறக்கலாம். இவற்றை வைத்து யாருடைய பிறப்பையும் சந்தேகிக்க வேண்டாம்.

6. ஒரு சார் "புற்றுநோய் மரபணு நோய்"ங்கிறார். இன்னொரு மேடம் "பெரும்பாலும் பரம்பரை இல்லை"ங்கிறாங்க. யார் சொல்றது சரி?

இருவரும். புற்றுநோய் செல்லில் டிஎன்ஏ மாற்றங்கள் இருக்கும். அந்த அர்த்தத்தில் அது மரபணு நோய். ஆனால் அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை வாழ்நாளில் ஏதோ ஓர் உறுப்பின் செல்லில் ஏற்பட்டவை. கருமுட்டையிலோ விந்தணுவிலோ இல்லாததால் பிள்ளைக்குப் போகாது. மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பெற்றோரிடமிருந்து வந்த மாற்றத்தால் வருவது.

அந்தச் சிறு பங்கில் பிரபலமானவை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள். இவற்றில் கெடுதலான மாற்றம் உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம் என்று 2017ல் வந்த பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்களுக்கும் இந்த மாற்றம் இருக்கலாம், மகளுக்கும் மகனுக்கும் கடத்தலாம். "அப்பா வழியில வர வாய்ப்பில்லையே" என்பது நான் அடிக்கடி கேட்கும் தவறு.

7. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சர்க்கரை நோய். எனக்கும் ஜீன்லயே இருக்கு. நான் என்ன பண்ணி என்ன ஆகப்போகுது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். இதற்குள் இருக்கும் நம்பிக்கை, அதாவது ஜீனில் இருந்தால் அது தலையெழுத்து என்பது, பின்னால் வரும் எல்லாக் கேள்விகளிலும் ஒளிந்திருக்கிறது. டெஸ்ட்டின் மேல் அளவுக்கு மீறி ஆசை வைப்பதும் அளவுக்கு மீறிப் பயப்படுவதும் இதிலிருந்துதான் வருகின்றன.

இரண்டாம் வகை நீரிழிவில் நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. அவற்றில் வலுவானது டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் ஒரு வடிவம். நீரிழிவு வரும் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய தடுப்பு ஆய்வு நடந்தது, முடிவு 2002ல் வந்தது. எடைக் குறைப்பும் உடற்பயிற்சியும் கடைப்பிடித்த குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சரி, கெட்ட ஜீன் உள்ளவர்களுக்கு? அதையும் 2006ல் பார்த்தார்கள். டிசிஎஃப்7எல்2வின் ஆபத்தான வடிவத்தை இரட்டைப் பிரதியாக வைத்திருந்தவர்களுக்கும் எடைக் குறைப்பும் உடற்பயிற்சியும் பலன் தந்தன. அதனால் குடும்பத்தில் நோய் இருந்தால் ரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் பார்க்கத் தொடங்குங்கள், நடையையும் தொடங்குங்கள்.

8. உயரம் 80 சதவீதம் மரபுவழின்னு படிச்சேன். நான் 170 செ.மீ. அப்ப 136 செ.மீ. ஜீன் குடுத்தது, மீதி 34 சாப்பாடு குடுத்ததா?

கணக்குச் சரி, பொருள் தப்பு. மரபுப்பேறு என்ற அந்த எண் ஒரு தனி மனிதரைப் பற்றியது அல்ல. ஒரு குறிப்பிட்ட சூழலில் வாழும் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உயரம் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாடுகளோடு தொடர்புபடுத்த முடியும் என்பதே அது. சூழல் மாறினால் எண்ணும் மாறும்.

தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் சுமார் 20 செ.மீ. கூடியது. அந்த நூறு ஆண்டில் மரபணுக்கள் அவ்வளவு மாறவில்லை, வாழ்க்கை மாறியது. ஃபீனைல்கீட்டோன்யூரியா இன்னும் நல்ல உதாரணம். ஒற்றை மரபணுவால் வரும் நோய், கவனிக்காவிட்டால் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கப்படும். 1960களில் ராபர்ட் கத்ரி உருவாக்கிய முறையில், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, ஃபீனைல்அலனின் என்ற புரதக்கூறு குறைந்த உணவைத் தொடங்கிவிட்டால் குழந்தை நன்றாக வளர்கிறது. முழுக்க மரபணு நோய், சிகிச்சை முழுக்க உணவு.

9. ஒரு டெஸ்ட் எடுத்தா எல்லா ஜீனையும் பார்த்திடுவாங்கதானே?

எந்த டெஸ்ட் என்பதைப் பொறுத்தது. குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரு வகை. டவுன் சிண்ட்ரோமில் 21வது குரோமோசோம் கூடுதலாக இருப்பது அதில் தெரியும், ஓர் எழுத்து மாறியிருந்தால் தெரியாது. ஒரு மரபணுவை மட்டும் வாசிப்பது, பத்து இருபது மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் பேனல், புரதத்துக்கான பகுதிகளை மட்டும் வாசிக்கும் எக்ஸோம், முழு வரிசை வாசிப்பு என்று நீளும். எக்ஸோம் என்பது மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு.

வீட்டிலிருந்தே உமிழ்நீர் அனுப்பிப் பார்க்க மலிவாகக் கிடைக்கும் பல கிட்கள் செய்வது இவற்றில் எதுவும் இல்லை. ஒரு தடித்த புத்தகத்தில் முன்கூட்டியே குறித்துவைத்த சில லட்சம் எழுத்துகளை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மூடிவிடுவது போன்றது அது. மற்ற பக்கங்களில் பிழை இருந்தால் அதற்குத் தெரிய வழியில்லை.

10. கிட் வாங்கித் துப்பி அனுப்பினா வர்ற ரிப்போர்ட்டும் டாக்டர் எழுதிக் குடுக்கிற டெஸ்ட்டும் ஒண்ணுதானே?

இல்லை. இப்படிக் கிட் விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தின் பிஆர்சிஏ ரிப்போர்ட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல் அனுமதி தந்தபோது அது பார்த்தது மூன்றே மூன்று மாற்றங்களை. மூன்றும் அஷ்கெனாசி யூத (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத) வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுபவை. பிஆர்சிஏ மரபணுக்களில் தெரிந்த மாற்றங்கள் ஆயிரத்துக்கும் மேல். வேறு வம்சாவளியினருக்கு அந்த ரிப்போர்ட்டில் 'எதுவும் இல்லை' என்று வந்தால் அதன் மதிப்பு மிகக் குறைவு.

எதிர்ப்பக்கமும் உண்டு. இத்தகைய கிட்களின் மூலத்தரவை இறக்கி, வேறு தளங்களில் ஏற்றிப் பார்த்துப் பயந்துபோய் வருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்தவர்களின் மாற்றங்களை மருத்துவ ஆய்வகத்தில் மறுபடி சோதித்த ஓர் ஆய்வு 2018ல் வெளியானது. சிறிய ஆய்வுதான், ஆனால் 40 சதவீத மாற்றங்கள் அவர்களிடம் இல்லவே இல்லை என்று தெரிந்தது. மருத்துவ ஆய்வகத்தில் உறுதிசெய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

11. நெகட்டிவ் வந்தாச்சு. இனி நிம்மதியா இருக்கலாம்ல?

குடும்பத்தில் யாருக்காவது எந்த மாற்றம் என்று ஏற்கெனவே தெரிந்திருந்து, அதே மாற்றம் உங்களிடம் இல்லை என்று வந்தால் அது உண்மையான நெகட்டிவ். அந்தக் குறிப்பிட்ட மாற்றத்தால் வரும் கூடுதல் ஆபத்து உங்களுக்கு இல்லை. மற்றவர்களுக்கு இருக்கும் பொதுவான ஆபத்து இருக்கத்தான் செய்யும்.

குடும்பத்தில் நோய் இருக்கிறது, ஆனால் நோயாளியை யாரும் சோதிக்கவில்லை, நீங்கள் மட்டும் சோதித்து நெகட்டிவ் என்றால்? அது விடையே அல்ல. காரணம் வேறு மரபணுவில் இருக்கலாம், அல்லது அந்த டெஸ்ட் பார்க்காத இடத்தில் இருக்கலாம் (கேள்வி 9). அதனால்தான் ஆலோசகர்கள் முதலில் நோய் வந்தவரைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அத்தைக்கு நோய் என்றால் முதலில் அத்தை, பிறகு நீங்கள்.

12. ரிப்போர்ட்ல "முக்கியத்துவம் தெளிவற்ற மாற்றம்"னு போட்டிருக்கு. இது பாசிட்டிவா நெகட்டிவா?

இரண்டும் இல்லை. ஆய்வகங்கள் மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. ஒரு முனையில் நோய் தரக்கூடியவை, மறுமுனையில் தீங்கற்றவை, நடுவில் இது. உங்களிடம் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதன் விளைவு என்னவென்று சொல்லப் போதிய ஆதாரம் இன்னும் சேரவில்லை என்று பொருள். பின்னாளில் வகை மாற்றப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்ற பக்கம்தான் போகின்றன. இதை வைத்து அறுவை சிகிச்சை போன்ற முடிவுகள் எடுப்பதில்லை. உலகின் மரபணு ஆய்வுகளில் இதுவரை கலந்துகொண்டவர்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், மற்றவர்களின் ரிப்போர்ட்டில் இந்த வரி அதிகமாக வருகிறது.

13. 99 சதவீதம் துல்லியமான டெஸ்ட்ல பாசிட்டிவ்னா நோய் இருக்க 99 சதவீதம் வாய்ப்பு. இதுல என்ன சந்தேகம்?

பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்ப்போம். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். ஒரு லட்சம் பேரைச் சோதிக்கிறோம். 100 பேருக்கு நோய் உண்டு, டெஸ்ட் அவர்களில் 99 பேரைப் பிடிக்கிறது. மீதி 99,900 பேருக்கு நோய் இல்லை, ஆனால் 1 சதவீதத் தவறால் அவர்களில் 999 பேருக்கும் பாசிட்டிவ் வருகிறது. மொத்தப் பாசிட்டிவ் 1,098. அதில் உண்மையான நோயாளிகள் 99. அதாவது 9 சதவீதம்.

புள்ளியியல் மாணவர்கள்கூட முதல்முறை பார்க்கும்போது கூட்டல் தப்பு என்றுதான் நினைப்பார்கள். நோய் எவ்வளவு அரிதோ, பொய்யான பாசிட்டிவ்களின் பங்கு அவ்வளவு கூடும். கர்ப்பிணியின் ரத்தத்தில் கலந்திருக்கும் டிஎன்ஏ துண்டுகளை வைத்துக் கருவின் குரோமோசோம்களைக் கணிக்கும் பரிசோதனையிலும் இதே கணக்குதான். தாயின் வயது கூடக்கூட டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றின் வாய்ப்பும் கூடும். அதனால் ஒரே முடிவு, இளம் தாய்க்கு வந்தால் ஒரு மதிப்பு, 40 வயதுத் தாய்க்கு வந்தால் வேறு மதிப்பு. அதனால் அது சலித்தெடுக்கும் ஸ்கிரீனிங் மட்டுமே, நோயை உறுதிசெய்ய வேறு பரிசோதனை வேண்டும்.

14. கேரியர்னு வந்திருக்கு. அப்படின்னா பாதி நோயாளியா? கல்யாணம் பண்ணிக்கலாமா?

கேரியர் என்றால் ஒடுங்கு வகை நோய்க்கான மாற்றம் ஒரு பிரதி மட்டும் உங்களிடம் இருக்கிறது (கேள்வி 4). பெரும்பாலும் ஆரோக்கியமாகவே வாழ்வீர்கள். துணைவருக்கும் அதே மரபணுவில் மாற்றம் இருந்தால் மட்டும் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொரு முறையும் அதே 25தான். துணைவர் கேரியர் இல்லை என்றால் பிள்ளைகளில் யாராவது உங்களைப் போலவே கேரியராக இருக்கலாம், அவ்வளவுதான். திருமணத்துக்குத் தடை எதுவும் இல்லை.

கேரியரையும் நோயாளியையும் குழப்பிக்கொண்டதால் என்ன நடந்தது என்று தெரிய 1970களின் அமெரிக்காவைப் பார்க்கலாம். அரிவாள் செல் ரத்தசோகைக்கு அவசர அவசரமாகப் பரிசோதனைத் திட்டங்கள் கொண்டுவந்தார்கள், விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. ஆரோக்கியமான கேரியர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், வேலையிலும் காப்பீட்டிலும் ஒதுக்கப்பட்டார்கள். அமெரிக்க விமானப்படை அகாதமி 1981 வரை கேரியர்களைச் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஒற்றைப் பிரதி மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றுவதால்தான் பல வெப்பமண்டலப் பகுதிகளில் நிலைத்து நின்றது.

15. நோயே இல்லாதவங்களுக்கு ஜீன் டெஸ்ட்டால ஏதாவது பிரயோஜனம் உண்டா?

மருந்து விஷயத்தில் உண்டு. வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் மருந்து, எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வடிவம் உள்ளவர்களுக்குத் தோலே உரிந்துபோகும் உயிராபத்தான ஒவ்வாமையைத் தரலாம். ஆசிய வம்சாவளியினர் பலரிடம் இது இருப்பதால், மருந்து தொடங்கும் முன் சோதிக்கும்படி 2007லேயே அமெரிக்காவில் எச்சரிக்கை சேர்த்தார்கள். இந்த வகை டெஸ்ட்டை யாரும் பரபரப்பாகப் பேசுவதில்லை, ஆனால் நேரடியான பலன் இதில்தான் இருக்கிறது.

16. குணப்படுத்தவே முடியாத நோய்க்கு முன்கூட்டியே டெஸ்ட் எடுத்து என்ன செய்ய? தெரியாமலே இருந்துட்டுப் போகலாமே?

இருக்கலாம். அது உங்கள் உரிமை. மனித மரபணுத்தொகை பற்றி யுனெஸ்கோ 1997ல் வெளியிட்ட பிரகடனமே, முடிவைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவரவருடையது என்கிறது.

ஹண்டிங்டன் நோயைப் பார்ப்போம். 4வது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 40 முறை அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் வரும், பொதுவாக 30 முதல் 50 வயதுக்குள். தடுக்க மருந்தில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1993ல் மரபணுவைக் கண்டுபிடித்து நேரடி டெஸ்ட் வந்தது. அதற்கு முன் கேட்டபோது ஆபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் "வந்தா எடுப்போம்" என்றார்கள். வந்த பிறகு எடுத்தவர்கள் சிறுபான்மைதான். இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதி வாய்ப்பு என்ற நம்பிக்கையோடு வாழ்வதும் ஒரு தீர்மானம்தான். எடுத்தவர்களில் குழந்தை பெறுவது, வேலை, பணம் பற்றித் திட்டமிட வேண்டும் என்பதற்காக எடுத்தவர்கள் பலர்.

ஜேம்ஸ் வாட்சன் டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவர். 2007ல் அவருடைய முழு மரபணுத்தொகையையும் வாசித்தபோது, அல்சைமர் ஆபத்தோடு தொடர்புடைய ஏபிஓஈ மரபணுவை மட்டும் வெளியிடவும் வேண்டாம், தனக்குச் சொல்லவும் வேண்டாம் என்றார். அவருடைய பாட்டிக்கு அந்த நோய் இருந்தது. ஆனால் பக்கத்து எழுத்துகளை வைத்தே மறைத்ததை ஊகிக்கலாம் என்று வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்ட, சுற்றியிருந்த பெரிய பகுதியையும் நீக்க வேண்டி வந்தது. மறுபக்கமும் சொல்ல வேண்டும். அல்சைமர் நோயாளிகளின் பிள்ளைகளுக்கு, தகுந்த ஆலோசனையோடு ஏபிஓஈ முடிவைச் சொன்ன ஆய்வு 2009ல் வெளிவந்தது. முடிவைத் தெரிந்துகொண்டவர்களிடம் நீடித்த பதற்றமோ மனச்சோர்வோ கூடவில்லை.

17. என் ஜீன், என் முடிவு. வீட்டுல யார்கிட்டயும் ஏன் சொல்லணும்?

முடிவு உங்களுடையது, தகவல் உங்களுடையது மட்டுமில்லை. தாத்தாவுக்கு ஹண்டிங்டன் இருந்தது, அப்பா டெஸ்ட் எடுக்க மறுக்கிறார், பேத்தி எடுத்துப் பாசிட்டிவ் வருகிறது என்று வையுங்கள். அந்த நொடியில் அப்பாவுக்கும் விடை தெரிந்துவிட்டது, அவர் கேட்காமலே. ஒற்றைக்கரு இரட்டையரில் ஒருவர் எடுத்தால் இருவருக்குமான முடிவு அது.

பிஆர்சிஏ போலத் தடுக்க வழியுள்ளவற்றில் நிலைமை தலைகீழ். சொல்லாமல் விட்டால் அக்காவோ சித்தியோ உரிய காலத்தில் பரிசோதித்துக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறார்கள். யாரிடம், எப்படி, எப்போது சொல்வது என்பதை டெஸ்ட்டுக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. முடிவு கையில் வந்த பிறகு அந்தப் பேச்சு இரண்டு மடங்கு கடினம்.

18. இன்சூரன்ஸ்காரங்க, வேலை குடுக்கிறவங்க, போலீஸ்... யார் யார் என் டிஎன்ஏவைப் பார்க்க முடியும்?

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆனால் ஆயுள் காப்பீட்டுக்குப் பொருந்தாது. கனடா 2017ல் இன்னும் விரிவான சட்டம் கொண்டுவந்தது. பல நாடுகளில் தனிச் சட்டமே கிடையாது. உங்கள் நாட்டில் என்ன நிலை என்பதை டெஸ்ட்டுக்கு முன் கேளுங்கள், பின்னால் கேட்டுப் பயனில்லை.

கசிவும் நடந்திருக்கிறது. 2023ல் 23அண்ட்மீயில் நேரடியாக உடைக்கப்பட்ட கணக்குகள் சுமார் 14,000. ஆனால் உறவினரைக் கண்டுபிடிக்கும் வசதி வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தபோது, அந்தத் தரவு யார் கைக்குப் போகும் என்பது பெரிய கேள்வியானது. காவல்துறை விஷயத்தில், கலிஃபோர்னியாவின் பழைய தொடர்கொலை வழக்கில் 2018ல் ஆள் சிக்கியது அவரே கொடுத்த டிஎன்ஏவால் அல்ல. ஒரு பொதுத் தளத்தில் தூரத்து உறவினர்கள் ஏற்றியிருந்த தரவு வழிகாட்டியது. கேள்வி 17ல் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

19. லேப் வகுப்புல எங்க டிஎன்ஏவையே டெஸ்ட் பண்ணிப் பார்த்தா நல்லா இருக்குமே? ஏன் விடமாட்டேங்கிறீங்க?

2010ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் இதைத்தான் செய்யப் பார்த்தது. புதிதாகச் சேர்ந்த ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கிட் அனுப்பி, விருப்பம் உள்ளவர்கள் கன்னத்துச் செல்லை அனுப்பலாம் என்றது. பார்க்கவிருந்தவை மூன்றே: பாலைச் செரிப்பது, மதுவைச் சிதைப்பது, ஃபோலேட் வைட்டமினைப் பயன்படுத்துவது. ஆபத்தில்லாதவையாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் "எனக்கு மது ஒத்துக்கொள்ளும் ஜீன்" என்று பதினெட்டு வயதில் ஒருவர் தப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். தனிநபர் முடிவைச் சொல்வது மருத்துவப் பரிசோதனை, உரிமம் பெற்ற ஆய்வகம்தான் செய்யலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. கடைசியில் கூட்டு முடிவுகளை மட்டும் வெளியிட்டார்கள்.

அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் தன் மருத்துவ, முதுநிலை மாணவர்களுக்கு விருப்பப் பாடமாக வைத்தது. சொந்தத் தரவோ பெயரில்லாத பொதுத் தரவோ, எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். எனக்கு இரண்டாவது வழி பிடித்திருக்கிறது. மதிப்பெண் போடும் ஆசிரியர் முன்னால் முழு மனதோடு 'வேண்டாம்' என்று சொல்வது மாணவருக்கு எளிதல்ல.

20. மரபியல் நல்லாப் படிச்சவங்க டெஸ்ட்டை ஆதரிப்பாங்க, படிக்காதவங்கதானே பயப்படுவாங்க?

அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. பிரேசிலில் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் நடந்து 2017ல் வெளியான ஆய்வில், மரபியல் அறிவுக்கும் 'எல்லாம் ஜீன்தான்' என்ற நம்பிக்கைக்கும் இருந்த தொடர்பு குறைவு. வயது, மதப்பற்று போன்றவற்றின் தொடர்பு அதைவிட அதிகமாக இருந்தது. வராந்தாவில் நான் பார்ப்பதும் இதற்குப் பக்கத்தில்தான். குரோமோசோம் பிரிவதைப் பிழையில்லாமல் வரையும் மாணவரே கேள்வி 7ஐக் கேட்பார்.

எதைப் படிக்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் படிக்கிறோம் என்பதற்குப் பங்கு இருக்கலாம். மெண்டலின் பட்டாணி பச்சை அல்லது மஞ்சள் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். 1902ல் ரஃபேல் வெல்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் உண்மையான பட்டாணி விதைகளை வரிசையாக வைத்துப் படம் வெளியிட்டார். பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே எல்லாச் சாயலும் இருந்தன. பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவுக்கு வெல்டனின் கோணத்தில், சூழலோடு மரபணு கலந்து இயங்குவதை முதலில் வைத்துப் பாடம் நடத்தினார்கள். சிறிய முயற்சிதான், ஆனால் பாடம் முடிந்தபோது அந்தக் குழுவில் 'ஜீனே விதி' என்ற எண்ணம் குறைந்திருந்தது.

21. சரி, இவ்வளவு சொல்லிட்டீங்க. நான் எடுக்கணுமா வேண்டாமா?

குடும்பத்தில் இளம் வயதில் புற்றுநோய், திடீர் இதய மரணம், ஒரே நோய் பல தலைமுறையில் என்று இருந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். கையில் மூன்று தலைமுறை விவரம் இருக்கட்டும்: யாருக்கு என்ன நோய், எந்த வயதில். பல நேரம் அந்தத் தாளே டெஸ்ட்டைவிட அதிகம் சொல்லிவிடும். குழந்தை பெறத் திட்டமிடுபவர்களுக்குக் கேரியர் டெஸ்ட் பயனுள்ளது. இரண்டும் இல்லாமல் வெறும் ஆர்வம் என்றால், கேள்வி 10ஐயும் 18ஐயும் இன்னொரு முறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போனால் கேட்க வேண்டியவை: இந்த டெஸ்ட் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது? பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வோம், நெகட்டிவ் வந்தால் என்ன மாறும்? தேடாத வேறு ஏதாவது கண்ணில் பட்டால் சொல்வீர்களா? மாதிரியை எத்தனை காலம் வைத்திருப்பீர்கள்? அப்புறம், ரிப்போர்ட்டின் முழு நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மரபணு, எந்த மாற்றம், எந்த ஆய்வகம், எந்தத் தேதி என்று அதில் இருக்க வேண்டும். கேள்வி 12ல் சொன்ன வகைமாற்றம் சில ஆண்டுகள் கழித்து வந்தால், அந்தத் தாள் இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.